மனை யார் பேரில்?

கல்வராயன் மலையில் ஒரு கதை சொல்வார்கள். கரிராமர் காஞ்சிபுரத்தை விட்டு மலைப்பக்கம் கிளம்பிவிடுகிறார். சாமியே போய்விட்டது, நமக்கு இங்கே என்ன என்று மூன்று சகோதரர்கள் பின்னாலேயே நடக்கிறார்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். ஆளுக்கொரு மலையில் தங்கிவிடுகிறார்கள். சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று பரவியிருக்கும் மலையாளிகள் (கேரளத்து மலையாளிகள் இல்லை, மலையில் வாழ்வதால் இந்தப் பெயர்) தங்கள் பூர்வீகத்தை இப்படித்தான் சொல்கிறார்கள். எந்த அண்ணன் எந்த மலைக்குப் போனார் என்பது மலைக்கு மலை மாறும். சாமியும் சனமும் சேர்ந்தே இடம் மாறின என்பது மட்டும் மாறாது.

மேலே போனவர்கள் காடு திருத்தினார்கள், சாமை விதைத்தார்கள், கோயில் கட்டினார்கள். ஆனால் மண் அவர்கள் பேரில் இல்லை. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகீர்களுக்குக் கீழே கல்வராயன் மலை இருந்தது. உழுதவர்கள் ஜாகீருக்கு வரி கட்டினார்கள், கூலியில்லாமல் வேலையும் செய்தார்கள். நாடு 1947இல் சுதந்திரம் அடைந்தது. இந்த மலை முழுசாக அரசாங்கத்தின் கைக்கு வந்தது 1976இல். பட்டா பிரச்சினை அதற்குப் பிறகும் தீரவில்லை. 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் இந்த மலை மக்களின் நிலையைத் தானாகவே வழக்காக எடுத்து விசாரிக்க வேண்டியிருந்தது.

நான் கள்ளக்குறிச்சிக்காரன். 2019இல் எங்கள் ஊர் மாவட்டத் தலைநகரம் ஆனதிலிருந்து பைபாஸ் ஓரத்துக் கரும்புக் கொல்லைகள் மனைகளாக மாறிக்கொண்டிருக்கின்றன. கீழே கடை, நடுவில் கல்யாண மண்டபம், மேலே வீடு என்று கட்டடங்கள் வருகின்றன. இந்தக் கட்டடங்களுக்குள் பள்ளிக்கூடமும் கிளினிக்கும் போவதைப் பார்த்தாயிற்று. வழிபாட்டுக் கூட்டங்களும் போகலாமா என்ற பேச்சு இப்போது ஆரம்பித்திருக்கிறது. ஒரு கிறிஸ்தவ சபை, பழைய இடத்தை விட்டுவிட்டு, வீடும் கடையும் பள்ளியும் சேர்ந்த புது இடத்துக்கு மொத்தமாகக் குடிபெயர்ந்தால் என்ன லாபம்? இது ரியல் எஸ்டேட் காலத்துக் கேள்வி மாதிரி தெரியும். இல்லை. தமிழ்நாட்டில் இதற்கு இருநூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது.

1799

சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் முதலூர் என்று ஒரு ஊர். தேங்காய்ப்பாலில் கிண்டும் மஸ்கோத் அல்வாவைச் சாப்பிட்டவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். அல்வாவுக்கு முன்னால் இந்த ஊருக்கு இன்னொரு பெருமை உண்டு. திருநெல்வேலிச் சீமையில் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களுக்கென்றே புதிதாக உருவான முதல் ஊர் இதுதான். பெயரே அதைத்தான் சொல்கிறது.

அந்தப் பகுதியில் முதலில் கிறிஸ்தவத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் இன்று நாடார் என்று அறியப்படும் சமூகத்தினர். பனையேறிகள். அவர்களில் பலருக்கு ஏறுகிற பனை வேறொருவருடையது, குடிசை நிற்கிற மண்ணும் வேறொருவருடையது. இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஒருவர் மதம் மாறியதும் நிலக்காரர் அவரை வாதத்தில் ஜெயிக்கத் தேவையில்லை. 'காலி பண்ணு' என்று சொன்னால் போதும். அதுதான் நடந்தது. ஜெப வீடுகள் இடிக்கப்பட்டன, மனிதர்கள் அடிக்கப்பட்டார்கள், குடியிருப்பு போனது.

டேவிட் சுந்தரானந்தம் அந்தச் சமூகத்திலிருந்து வந்த முதல் உபதேசிகளில் ஒருவர். பாளையங்கோட்டைச் சபைக்குப் பொறுப்பாக இருந்தவர் தஞ்சாவூர் மிஷனைச் சேர்ந்த சத்தியநாதன், 1790இல் குருப்பட்டம் பெற்ற தமிழர். இவர்கள் கண்ட வழி எளிமையானது. அடி வாங்கிக்கொண்டு பழைய இடத்திலேயே இருப்பதற்குப் பதிலாக ஒரு நிலத்தை வாங்குவது. அதில் கிணறு வெட்டி, குடிசை போட்டு, நடுவில் ஒரு கோயில் கட்டி, எல்லாரும் அங்கே போய்விடுவது.

1799ஆம் வருஷம் என்றால் நமக்கு வேறு ஒன்றுதான் ஞாபகம் வரும். அந்த அக்டோபரில்தான் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். பாளையக்காரர்களின் அதிகாரம் நொறுங்கி, கம்பெனியின் வருவாய் நிர்வாகம் உள்ளே நுழைந்துகொண்டிருந்த நேரம். யாருக்கு எந்த நிலத்தில் என்ன உரிமை என்பதே புதிதாக எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. அந்தக் குழப்பத்தில் ஒரு சிறு கூட்டம் தனக்கென்று மனை வாங்கிக்கொண்டது. வீரத்தைப் பாடும் கதைகளில் இதற்கு இடம் கிடைக்காது. ஆனால் காலி செய்யச் சொல்ல முடியாத மண் என்பது அந்த மக்கள் அதுவரை அறியாத ஒன்று.

டேவிட் நீண்ட நாள் வாழவில்லை. அவருக்கு விஷம் வைத்தார்கள் என்பது அந்த வட்டாரத்து நம்பிக்கை. ஆனால் முதலூர் நின்றுவிட்டது. அடுத்த சில வருஷங்களில் அந்தப் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். நாசரேத், பெத்லகேம் என்று பைபிள் பெயர்கள் பனங்காட்டுக்குள் முளைத்தன.

புரங்களின் காலம்

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சாயர்புரம், சுவிசேஷபுரம், மெஞ்ஞானபுரம் என்று வரும். ஒவ்வொரு 'புர'த்துக்குப் பின்னாலும் ஒரு நிலம் வாங்கிய கதை உண்டு. சாயர்புரம், அந்த நிலத்தை வாங்க உதவிய சாமுவேல் சாயர் என்ற வியாபாரியின் பெயர். டோனாவூர், நன்கொடை கொடுத்த டோனா என்ற ஜெர்மன் பிரபுவின் பெயர். அவர் இந்த ஊரைப் பார்த்ததே இல்லை.

தனித்தனியாக நடந்துகொண்டிருந்ததை ஒரு அமைப்பாக மாற்றியவர் ரேனியஸ். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இந்த ஜெர்மானியர் 1830இல் தர்ம சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார். கிறிஸ்தவர்கள் காசு போட வேண்டும். அந்தக் காசில் நிலமும் வீடும் வாங்கி, துரத்தப்பட்டவர்களைக் குடியமர்த்த வேண்டும். இன்றைய பாஷையில் சொன்னால் ஒரு ஹவுசிங் சொசைட்டி. பக்தியும் கணக்கு நோட்டும் ஒரே மேஜையில் இருந்தன.

இந்த ஊர்களின் லாபம் என்ன? முதல் லாபம் பாதுகாப்பு. இரண்டாவது, தூரம். பத்து ஊர்களில் சிதறிக் கிடந்த முப்பது குடும்பங்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் வைக்க முடியாது. முப்பது குடும்பமும் ஒரே தெருவில் இருந்தால் வாத்தியார் ஒருவர் போதும். மூன்றாவது, பொது வேலை. தேரிக்காட்டுச் செம்மண்ணில் தனி ஆள் கிணறு வெட்டுவது சூதாட்டம். மெஞ்ஞானபுரத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்த ஜான் தாமஸ் என்ற வேல்ஸ் நாட்டுக்காரர் மணல்வெளியில் கிணறுகள் வெட்டி மரம் வளர்க்கச் செய்தார். அங்கே 192 அடி உயரக் கோபுரத்தோடு எழுந்த கோயிலைத்தான் எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள். நானும் எடுத்திருக்கிறேன். எனக்கு அந்தக் கிணறுகள்தான் பெரிய விஷயமாகத் தெரிகின்றன.

ஞாயிறு போக ஆறு நாள்

வழிபாட்டுக்கென்று மட்டும் ஒரு கட்டடம் இருந்தால் வாரத்தில் ஒரு நாள் அதற்கு உயிர் இருக்கும். மீதி ஆறு நாள் பூட்டு தொங்கும். இன்று நகரத்துச் சபைகள் கூட்டுக் கட்டடங்களுக்குள் போவதற்குச் சொல்லும் பெரிய காரணமே இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ ஊர்களில் இந்த ஆறு நாளுக்கு நல்ல பதில் இருந்தது.

கால்டுவெல் 1841இல் இடையன்குடிக்கு வந்தார். நமக்கெல்லாம் அவர் ஒப்பிலக்கணக்காரர். அந்த ஊருக்கு அவர் முதலில் ஒரு டவுன் பிளானர். ஒழுங்கில்லாமல் கிடந்த குடியிருப்பை நேர்த் தெருக்களாக மாற்றினார், கிணறு வெட்டினார், மரம் நட்டார். அவர் மனைவி எலைசா பெண்களுக்குப் பள்ளி நடத்தினார், லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய அம்மா நாகர்கோவிலில் ஏற்கனவே தொடங்கி வைத்திருந்த தொழில் அது. பனையேறியின் வீட்டுப் பெண் தன் கையால் காசு பார்த்தாள். இடையன்குடிக் கோயில் கட்டி முடிய 33 வருஷம் ஆனது: 1847இல் ஆரம்பித்து 1880இல் முடிந்தது. அந்த நடுவில்தான், 1856இல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. கோயில் முடியட்டும், பிறகு மற்றதைப் பார்ப்போம் என்று யாரும் காத்திருக்கவில்லை. தெருவும் கிணறும் பள்ளியும் லேஸும் முன்னால் போயின, கோபுரம் கடைசியில் வந்தது.

நாசரேத்தில் மர்காஷிஸ் இதை இன்னும் பெரிதாகச் செய்தார். 1876 முதல் 1908இல் இறக்கும் வரை அங்கேதான் இருந்தார். அவர் வந்த மறு வருஷமே பெரும் பஞ்சம். அனாதைக் குழந்தைகளுக்கு விடுதி வந்தது. அந்தக் குழந்தைகள் பெரியவர்களானால் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்குப் பதிலாகத் தொழிற்பள்ளி வந்தது. தச்சு, கொல்லு, நெசவு, தையல். ஆஸ்பத்திரியும் இருந்தது. வழிபாடு, படிப்பு, வைத்தியம், தொழில், வீடு எல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருந்தன. இப்போது இதற்குப் பளபளப்பான பிரோஷர் அடித்து விற்பார்கள்.

லாபம் அடுத்த தலைமுறையில் தெரிந்தது. இந்த ஊர்களிலிருந்து வாத்தியார்கள், நர்சுகள், குமாஸ்தாக்கள் கிளம்பினார்கள். சிலர் சிலோனுக்கும் பர்மாவுக்கும் போனார்கள். நம்மில் பலருடைய பள்ளிக்கூடத்தில் ஒரு 'நாசரேத் டீச்சர்' இருந்திருப்பார். எனக்கும் இருந்தார்.

1857, மூக்குப்பேறி

இவ்வளவு லாபமும் உண்மை. ஆனால் ஒரு கேள்வியை இதுவரை தள்ளிப்போட்டிருக்கிறேன். மனை யார் பேரில் இருந்தது?

பெரும்பாலும் மிஷன் பேரில், அல்லது மிஷன் சார்பாக யாரோ ஒருவர் பேரில். பழைய நிலக்காரரிடமிருந்து தப்பி வந்தவர்களுக்குப் புதிதாக ஒரு நிலக்காரர் கிடைத்தார். அவர் நல்லவராக இருக்கலாம், அடிக்காமல் இருக்கலாம், பள்ளிக்கூடம் வைக்கலாம். ஆனாலும் ஊரின் விதியை எழுதுபவர் அவர்தான். எங்கள் தொழிலில் இதை ஒரே கேள்வியாகக் கேட்போம்: அட்மின் பாஸ்வேர்ட் யாரிடம்? சிஸ்டம் எவ்வளவு அழகாக ஓடினாலும், அந்தப் பாஸ்வேர்ட் உங்களிடம் இல்லையென்றால் நீங்கள் வெறும் யூசர்.

சின்ன உதாரணம். பனம்பாளையைச் சீசனில் தினமும் சீவ வேண்டும். விட்டால் பதநீர் வரத்து நின்றுபோகும். பனைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. ஞாயிறு முழு ஓய்வு என்ற விதி இங்கிலாந்துக் கிராமத்தில் எளிது, தேரிக்காட்டில் எளிதல்ல. விதி எழுதுகிறவர் மரம் ஏறுகிறவர் இல்லையென்றால் இந்த மாதிரி உரசல் வந்துகொண்டேதான் இருக்கும்.

பெரிய உதாரணம் நாசரேத்துக்குப் பக்கத்திலேயே நடந்தது. அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை மிஷன் உபதேசியாக இருந்தவர், நிறையப் படித்தவர். நாசரேத் மிஷனரி கேமரருக்கும் அவருக்கும் மோதல் வந்து வேலை போனது. இதற்கிடையே, 1849இல் கால்டுவெல் வெளியிட்ட ஒரு நூல் அந்தச் சமூகத்தைத் தாழ்த்தி எழுதியிருந்தது. ஆமாம், தெருக்களை நேராக்கிய அதே கால்டுவெல்தான். தங்களோடு ஒரே ஊரில் வாழ்ந்து, தங்களுக்காகக் கிணறு வெட்டியவர், வெளிநாட்டு வாசகர்களிடம் தங்களைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார் என்பதை அவர்களே படித்தார்கள். படிக்கக் கற்றுக்கொடுத்ததும் அதே மிஷன்தான்.

1857இல் சட்டாம்பிள்ளையும் அவரோடு நின்றவர்களும் மூக்குப்பேறியில், இப்போதைய பிரகாசபுரத்தில், தனிச் சபை தொடங்கினார்கள். இந்துக் கிறிஸ்தவ சபை. ஐரோப்பியக் குருமார் வேண்டாம், ஐரோப்பியப் பணம் வேண்டாம். சனிக்கிழமை ஓய்வுநாள். பழைய ஏற்பாட்டைத் தாங்களே படித்து, அமாவாசைப் பண்டிகை, தூபம், தரையில் உட்கார்ந்து வழிபாடு என்று தங்கள் முறையை அமைத்துக்கொண்டார்கள். வட இந்தியாவில் சிப்பாய்கள் எழுந்த அதே வருஷம் பனங்காட்டில் ஒரு சபை தன் நிர்வாகத்தைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டது. நாசரேத்திலிருந்து மூக்குப்பேறி கூப்பிடு தூரம். ஆனால் முதலூருக்குப் போனவர்கள் இழந்தால் மறுபடி நிலமில்லாதவர்களாகும் நிலையில் இருந்தார்கள். மூக்குப்பேறிக்காரர்கள் 'போகிறோம்' என்று சொல்ல முடிந்தது. குடிபெயர்வின் உண்மையான லாபத்தை அளக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான்: வந்த இடத்தில் ஒத்துவரவில்லை என்றால் தலை நிமிர்ந்து வெளியேற முடியுமா?

இன்னொரு செலவும் உண்டு. சேர்ந்து குடிபெயர்ந்தவர்கள் பெரும்பாலும் ஒரே சாதி. அதனால் சாதியும் மூட்டையோடு சேர்ந்து வந்தது. எங்கள் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இதே பிரச்சினைக்காகத்தான் கார்ல் ஓக்ஸ், சபைக்குள் சாதியைப் பொறுத்துக்கொண்ட லைப்சிக் மிஷனை விட்டு வெளியேறினார். 1861இல் மேல்பட்டாம்பாக்கத்தில் நிலம் வாங்கிப் பெத்தானியா என்ற குடியிருப்பைத் தொடங்கினார். சில வருஷங்களில் அது டேனிஷ் மிஷனோடு சேர்ந்தது. புது இடத்துக்குப் போவதாலேயே மனிதர்கள் புதிதாகிவிடுவதில்லை, யாரோடு போகிறோம் என்பதையும் திட்டத்தில் எழுத வேண்டும் என்று அவர் நினைத்தார்.

தும்பா

இருபதாம் நூற்றாண்டில் சபையை நகர்த்தியது அரசாங்கம். திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பா. பூமியின் காந்த நடுக்கோடு அந்தக் கடற்கரைக்கு மிக அருகில் போவதால் ராக்கெட் விட அதுதான் தோதான இடம் என்று விக்ரம் சாராபாய் முடிவு செய்தார். அங்கே மீனவக் குடும்பங்களும் மகதலேனா மரியாள் தேவாலயமும் இருந்தன. சாராபாய் பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரேராவைப் போய்ப் பார்த்தார். பிஷப் நேரடியாகப் பதில் சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்றார். பூசைக்கு வந்த சனத்தின் முன்னாலேயே விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் கேட்டார். இது அப்துல் கலாம் எழுதியும் பேசியும் ஊரறியச் செய்த கதை. மக்கள் பக்கத்தில் புதிதாக அமைந்த குடியிருப்புக்கும் புதுக் கோயிலுக்கும் மாறினார்கள். பழைய கோயில் அலுவலகம் ஆனது. 1963 நவம்பர் 21இல் முதல் ராக்கெட் கிளம்பியது. அந்தக் கோயில் இப்போது விண்வெளி அருங்காட்சியகம்.

இந்தக் கதையை நாம் வழக்கமாக விஞ்ஞானமும் ஆன்மிகமும் கைகுலுக்கிய கதையாகச் சொல்கிறோம். எனக்கு அதில் பிடித்தது அந்த ஞாயிற்றுக்கிழமை. கட்டடத்தைக் கொடுக்கும் அதிகாரம் பிஷப்பிடம் இருந்தது. ஆனாலும் குடிபெயரப் போகிறவர்களிடம் கேட்டார். அதே சமயம், ராக்கெட்டும் நாடும் எதிரே நிற்கும்போது, வழிபாட்டுக்கு நடுவில், பிஷப் கேட்டால் எத்தனை பேர் 'இல்லை' என்று சொல்லியிருக்க முடியும் என்றும் யோசிக்கிறேன். சம்மதம் கேட்பதும், மறுக்க வாய்ப்புக் கொடுப்பதும் வேறு வேறு.

59 மாடிக்குக் கீழே ஒரு சபை

இப்போது கூட்டுக் கட்டடங்களுக்கு வருவோம். இதில் உலகப் புகழ்பெற்ற உதாரணம் நியூயார்க்கின் செயின்ட் பீட்டர்ஸ் லூத்தரன் சபை. ஜெர்மன் குடியேறிகள் தொடங்கியது. லெக்சிங்டன் அவென்யூவில் 1905இல் கட்டிய கோயில் இருந்தது. 1970களில் சிட்டி பேங்க் அந்தத் தெருச் சதுரம் முழுவதையும் வாங்கித் தலைமையகம் கட்ட நினைத்தது. சபை புறநகருக்குப் போய்விடவில்லை. ஒரு பேரம் பேசியது: பழைய கட்டடத்தை இடித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதே மூலையில் எங்களுக்குத் தனிக் கோயில் வேண்டும். உங்கள் கோபுரத்தோடு அது ஒட்டக்கூடாது. உங்கள் தூண் எதுவும் எங்கள் கோயிலுக்குள் வரக்கூடாது.

விளைவைப் பாருங்கள். 59 மாடிக் கட்டடத்தின் தூண்களை வழக்கம்போல நான்கு மூலைகளில் வைக்க முடியவில்லை, ஒரு மூலையில் சபை இருந்தது. பொறியாளர் வில்லியம் லெமெசூரியர் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒன்பது மாடி உயரத் தூணை வைத்தார். 1977இல் கட்டடம் திறந்தது. மறு வருஷம், மூலைவாட்டில் அடிக்கும் பலத்த காற்றுக்கு அதன் போல்ட் இணைப்புகள் தாங்காது என்று அவரே கண்டுபிடித்தார். ராத்திரியோடு ராத்திரியாக இரும்புத் தகடுகளை வெல்டிங் வைத்துச் சரிசெய்தார்கள். 1995 வரை வெளியே தெரியாது. பொறியியல் படித்தவர்களுக்கு இது எதிக்ஸ் பாடம். எனக்கு இதில் இன்னொரு பாடமும் தெரிகிறது. ஒரு சிறு சபை தன் மூலையை விட்டுக்கொடுக்காததால் உலகத்தின் பெரிய வங்கி ஒன்று தன் கட்டடத்தையே வேறு மாதிரி யோசிக்க வேண்டி வந்தது. அந்தச் சபை இன்றும் அங்கே இருக்கிறது. ஜாஸ் இசைக்கலைஞர்களுக்கான ஊழியத்துக்குப் பெயர் பெற்றது.

சிங்கப்பூரில் இன்னொரு வகை. 2012இல் புவன விஸ்தாவில் தி ஸ்டார் என்ற வளாகம் வந்தது. கீழே ஷாப்பிங் மால், மேலே 5,000 பேர் உட்காரும் அரங்கம். அரங்கத்தில் நியூ கிரியேஷன் சர்ச் கூடுகிறது. ஆரம்பத்தில் மால் கேபிடாலாண்ட் நிறுவனத்துடையது, அரங்கம் சபையின் வணிகப் பிரிவுடையது. 2019இல் அந்தப் பிரிவு மாலையும் 29.6 கோடி சிங்கப்பூர் டாலருக்கு வாங்கிக்கொண்டது. சபை மால் நடத்தலாமா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் மாடியில் இருக்கிறவர்களுக்குக் கீழ்த்தளம் யாருடையது என்பது முக்கியம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

எக்செல்லில் இல்லாத வரி

போன வருஷம் கள்ளக்குறிச்சியில் என் பள்ளித் தோழன் ஒருவன் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தான். டவுனுக்குள் சந்துக்குள்ளே இருக்கும் ஒரு சின்னச் சபையின் கமிட்டியில் இருக்கிறான். பில்டர் ஒருவர் கேட்டிருக்கிறார்: பழைய மனையைக் கொடுங்கள், பைபாஸ் பக்கம் நான் கட்டும் வளாகத்தில் முதல் மாடி முழுக்க உங்களுக்கு ஹால். கீழே கடைகள், மேலே வீடுகள், சபைக் குடும்பங்களுக்கு விலையில் சலுகை. "மச்சான், நீ எக்செல்ல ஒரு கணக்குப் போட்டுக் குடு, போதும்" என்றான்.

போட்டேன். லாபம் நிஜமாகவே இருந்தது. பார்க்கிங், லிஃப்ட், கழிப்பறை. பழைய இடத்தில் முட்டி வலிக்கிற பாட்டிகளுக்குப் படிக்கட்டுதான் முதல் சோதனை. வார நாட்களில் ஹாலை டியூஷனுக்கும் தையல் வகுப்புக்கும் கொடுக்கலாம். பராமரிப்புச் செலவு பங்காகிவிடும். மேல் மாடியில் நாலு குடும்பம் இருந்தால் ராத்திரி உடம்பு சரியில்லாதவருக்கு ஓடிவர ஆள் இருக்கும். இடையன்குடியும் நாசரேத்தும் கொடுத்த அதே லாபங்கள்தான்.

பிறகு பில்டரின் ஒப்பந்த வரைவைப் படித்தோம். ஹால் சபைக்கு நீண்ட காலக் குத்தகை. மண்ணில் பிரிபடாத பாகம் எதுவும் இல்லை. அதாவது கட்டடம் ஒரு நாள் இடிந்தால், அல்லது பில்டர் கைமாற்றினால், சபைக்கு மிஞ்சுவது ஆகாயம். கமிட்டியில் வயதான ஒரு அம்மா இருக்கிறார், சந்தையில் காய்கறி விற்றவர். என் தோழன் எல்லா ஷீட்டையும் காட்டி முடித்ததும் கேட்டாராம்: "எல்லாம் நல்லாத்தான் இருக்குது தம்பி. அந்த மண்ணு யாரு பேர்ல இருக்கும்?" அந்த வரி என் எக்செல்லில் இல்லை, பில்டர் கொடுத்த தலைப்புகளில் அது இல்லாததால். அதன் பிறகு அவர்கள் மூன்று நிபந்தனை எழுதினார்கள். சபையின் பதிவு பெற்ற சங்கத்தின் பேரில் பிரிபடாத பாகம் வேண்டும். புது இடம் வழிபாட்டுக்குத் தயாராகும் வரை பழைய மனை கிரயம் ஆகக்கூடாது. முடிவு ஓட்டெடுப்பில், அதுவும் சீட்டில், கை தூக்கி இல்லை. பேச்சு இன்னும் நடக்கிறது. மூன்றாவது நிபந்தனைதான் எனக்கு அதிகம் பிடித்தது.

இதையெல்லாம் படித்துவிட்டுக் குடிபெயரவே கூடாது என்று யாராவது முடிவு செய்தால் நான் சரியாகச் சொல்லவில்லை என்று அர்த்தம். பழைய இடம் புனிதம், அசையக்கூடாது என்பது பழைய இடத்தில் வசதியாக இருந்தவர்களின் வாதம். டேவிட் சுந்தரானந்தத்தின் ஆட்களுக்குப் பழைய இடத்தில் இருந்தது இடிந்த ஜெப வீடு. போனதால்தான் பிழைத்தார்கள், படித்தார்கள், அடுத்த தலைமுறையில் மற்றவர்களுக்குப் படிப்பும் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு கூட்டம் சேர்ந்து குடிபெயர்வதில் தனி ஆள் குடிபெயர்வதில் இல்லாத பலம் இருக்கிறது. பள்ளியும் கிணறும் பேரம் பேசும் குரலும் கூட்டத்துக்குத்தான் கிடைக்கும்.

கல்வராயன் மலைக்குப் போனவர்களிடமும் அந்தக் கூட்டம் இருந்தது, சாமியும் இருந்தது. மலையையே திருத்தி விளைநிலம் ஆக்கும் உழைப்பும் இருந்தது. அவர்களிடம் இல்லாதது ஒரு காகிதம். அந்தக் காகிதத்துக்காக அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வெள்ளிமலையிலிருந்து பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீசுக்கு வந்து, திங்கட்கிழமை மனுநாளில் வரிசையில் நிற்கிறார்கள்.